நிலத்தடி வெப்பப் பம்புக்கு மதுரையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்று கிடைக்குமா?

கேள்வி: வைகைக்கரை (ஊமச்சிகுளம்)

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு வடக்கே ஊமச்சிகுளம் அருகில் ஏழு சென்ட் நிலத்தில் 1,800 சதுர அடியில் இரண்டு தள வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மேல்தளம் போட்டு முடிந்துவிட்டது. பூச்சு வேலை தொடங்குவதற்குள் குளிர்சாதன வசதியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துகிறார்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கிறது. 2023இல் அவர்கள் வீட்டுப் புல்தரையில் மூன்று ஆழ்துளைகள் இட்டு, அவற்றில் குழாய்களை இறக்கி, நிலத்தடி வெப்பப் பம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் கோடையில் குளிர்விப்பதும் அந்த ஒரே இயந்திரம்தான். இதற்காக ஆண்டுதோறும் சில புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றுகள் அவர்கள் பெயரில் வரவாகின்றன; அவற்றை விற்று அவர்கள் பணமும் பெறுகிறார்கள். நான் அங்கே தங்கியிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் ஐயம் எதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வீட்டுமனைக்கே வந்து பார்த்தார். இங்கும் அதே அமைப்பை ஒன்பதரை லட்சம் ரூபாய்க்குச் செய்து தருவதாகவும், பூமிக்கடியில் எப்போதும் குளிர்ச்சி என்பதால் மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்றும், இந்தியாவிலும் ஆர்.இ.சி. எனப்படும் சான்றுச் சந்தை இருப்பதால் ஏழெட்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் சொன்னார். மனையில் 2018இல் போட்ட போர் ஒன்று இருக்கிறது. 620 அடி வரை ஓட்டியும் புகைதான் வந்தது. அந்த வறண்ட போரையே குழாய் இறக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம், துளையிடும் செலவில் ஒரு பகுதி மிச்சம் என்பது அவர் கணக்கு.

ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்துச் செலவிட வேண்டிய தொகை இது. சான்று என்ற வருமானம் இங்கே உண்மையிலேயே உண்டா, அந்தப் போர் பயன்படுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சிம்மக்கல் மைந்தன் (மேரிலாந்து)

ஐயா, வணக்கம். சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்து, இப்போது மேரிலாந்தில் இருக்கிறேன். என் வீட்டிலும் இதே அமைப்பு உள்ளதால், இங்கே சான்று எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது தெளிந்தால் மதுரைக் கேள்விக்கு உங்களுக்கே பாதி விடை கிடைத்துவிடும்.

இந்த மாநிலத்தில் மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் தாங்கள் விற்ற மின்சாரத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றுகளைக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால், குறையும் ஒவ்வொரு சான்றுக்கும் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். சான்றுக்கு விலை உண்டாவது இந்தக் கட்டாயத்தினால்தான். ஒரு சான்று என்பது ஒரு மெகாவாட் மணி, அதாவது ஆயிரம் யூனிட். 2012இல் மேரிலாந்து இயற்றிய ஒரு சட்டத் திருத்தம், நிலத்தடி வெப்பப் பம்பு தரும் வெப்ப ஆற்றலையும் இந்தக் கணக்கில் சேர்த்தது. அந்தப் பம்பு மின்சாரம் எதையும் உற்பத்தி செய்வதில்லை என்றபோதிலும், அது கையாளும் வெப்பத்தை மெகாவாட் மணியாக மாற்றி எண்ணலாம் என்று சட்டமன்றம் முடிவு செய்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் அதே 2012இல் வெப்பத்துக்குச் சான்று தரும் சட்டத்தை இயற்றியது. மாசசூசெட்ஸில் இதற்கெனத் தனியாக வேறொரு சான்று வகை உண்டு. பல மாநிலங்களில் இப்படி எதுவும் இல்லை. அத்தகைய மாநிலத்தில் அதே இயந்திரத்துக்குச் சான்று கிடையாது.

வீடுகளைப் பொறுத்தவரை ஆண்டு முழுவதும் அளவுமானி வைத்துப் பார்ப்பதில்லை. வீட்டின் பரப்பு, சுவர் மற்றும் சன்னல்களின் தன்மை, ஊரின் தட்பவெப்பம் ஆகியவற்றைக் கொண்டு செய்த வெப்பச் சுமைக் கணக்கையும் பம்பின் திறனையும் விண்ணப்பத்துடன் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) என்று கணித்து, 34.12 லட்சம் பி.டி.யு.வுக்கு ஒரு சான்று என்ற வீதத்தில் மாற்றுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு ஆறு கோடி பி.டி.யு. என்று கணக்கு வந்தால் 17 சான்றுகள் கிடைக்கும். அவை ஜி.ஏ.டி.எஸ். என்ற பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயரில் வரவு வைக்கப்படும். பெரும்பாலோர் பல வீடுகளின் சான்றுகளைத் திரட்டி விற்கும் இடைநிலை நிறுவனம் ஒன்றிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பங்கு போகும்.

உங்கள் மகள் பெறும் தொகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் வந்த சட்டம், 2022க்குப் பிறகு பொருத்தப்பட்ட நிலத்தடி வெப்ப அமைப்புகளுக்கென்றே தனிப் பங்கு ஒன்றை ஒதுக்கியது. 2023இல் மிகச் சிறிய அளவில் தொடங்கிய அந்தப் பங்கு 2028இல் 1 விழுக்காட்டை எட்ட வேண்டும். வாங்கியே தீர வேண்டியவர்கள் இருக்கிறார்கள், விற்பவர்கள் குறைவு என்பதால் விலை நிற்கிறது. இதுபோக, வீட்டில் இந்த அமைப்பை நிறுவியோருக்குச் செலவில் 30 விழுக்காடு வரை கூட்டாட்சி வருமான வரியில் கழிவு இருந்தது. 2023இல் நிறுவியதால் உங்கள் மகள் குடும்பமும் அதைப் பெற்றிருக்கக்கூடும். அந்தக் கழிவு 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான காரணத்தை இப்போது சொல்கிறேன். இங்கே சில அடி ஆழத்துக்குக் கீழே நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ். வெளியே பனி உறைந்து கிடக்கும் தை மாதத்தில், சுழியத்துக்குக் கீழே உள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதைவிட 13 பாகை நிலத்திலிருந்து எடுப்பது எளிது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை, நான்கு யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வருகிறது. கோடையில் அறையின் வெப்பத்தை அதே குளிர்ந்த நிலத்துக்குள் தள்ளுகிறோம். வீட்டில் அடுப்பெண்ணெயோ புரொப்பேன் வாயுவோ எரித்துக் குளிர் காய்ந்தவர்கள் அதைக் கைவிட்டு இதற்கு வர வேண்டும் என்பதற்காகவே இந்த ஊக்கம். நான் மதுரையில் கழித்த இருபத்திரண்டு ஆண்டுகளில் வீட்டைச் சூடாக்க வேண்டிய ஒரு நாளைக்கூடக் கண்டதில்லை. இந்தியச் சட்டத்தின் நிலையை அங்குள்ளோர் சொல்வதே முறை.

பதில் 2: ஓய்வுபெற்ற மின்பொறியாளர் (கே.கே. நகர்)

கேள்வி கேட்டவருக்கும், பொறுமையாக விளக்கிய தம்பிக்கும் வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் மின்துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் நேராகச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு வெப்பப் பம்புக்கு இந்தியாவில் ஆர்.இ.சி. கிடைக்காது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

இந்தியாவில் இந்தச் சான்று முறையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010இல் விதிமுறைகளாக வெளியிட்டது. 2011 மார்ச்சில் மின்பரிமாற்றச் சந்தைகளில் வணிகம் தொடங்கியது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி மின்பகிர்மான நிறுவனங்கள் தம் கொள்முதலில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும். அதைப் பெற இயலாதவர்கள் சான்று வாங்கி ஈடுசெய்யலாம் என்பதே ஏற்பாடு. மேரிலாந்து முறையும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரு வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இங்கே ஒரு சான்று என்பது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து உற்பத்தியான ஒரு மெகாவாட் மணி மின்சாரம். வெப்பத்தை மின்சாரமாக மாற்றி எண்ணும் ஏற்பாடு 2010 விதிமுறைகளிலும் இல்லை, 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறைகளிலும் இல்லை. உங்கள் பம்பு மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, நுகர்கிறது. ஆகவே விண்ணப்பிக்கவே வழியில்லை.

அந்தப் பிரதிநிதி வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றும் நான் கருதவில்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களின் பட்டியலில் புவிவெப்பம் என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. அது லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பூமிக்குள்ளிருந்து வெளிப்படும் வெந்நீரையும் நீராவியையும் கொண்டு மின்சாரம் எடுப்பதைக் குறிக்கிறது. நம் வீட்டுத் தோட்டத்தில் குழாய் இறக்குவதற்கும் அதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கையில் நிலத்தடி வெப்பப் பம்புகளும் இடம்பெற்றுள்ளன. கொள்கையில் இடம்பெறுவது வேறு, சான்று வழங்குவது வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் மீண்டும் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள். சான்று பெற வேண்டுமானால் முதலில் மாநில முகமையின் அங்கீகாரமும், பிறகு தேசிய மின்சுமை பகிர்வு மையத்தில் பதிவும் வேண்டும். இதுவரை அவர்கள் அமைத்த வீடுகளில் ஏதேனும் ஒன்றுக்குக் கிடைத்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய விலையை வைத்து ஆசை காட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் சூரியமின் சான்று ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலையே 12,000 ரூபாய், உச்சவிலை 17,000 ரூபாய். மற்ற மூலங்களுக்கு 1,500 முதல் 3,900 வரை. அந்தக் காலம் போய்விட்டது. 2022 விதிமுறைகள் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் நீக்கிவிட்டன. அண்மை ஆண்டுகளில் சான்று ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கைமாறியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, மேரிலாந்து போலவே உங்களுக்கும் 17 சான்றுகள் கிடைப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். ஒன்பதரை லட்சத்துக்கு அது வட்டிக்கும் காணாது.

கூரையில் சூரியத் தகடு வைத்தாலாவது சான்று வருமா என்று அடுத்து யாரேனும் கேட்பார்கள். நெட் மீட்டர் (வீடு அனுப்பும் மின்சாரத்தை நுகர்விலிருந்து கழித்துக் கணக்கிடும் மானி) வைத்த வீட்டுக் கூரை உற்பத்தி, பகிர்மானக் கழகத்தின் கொள்முதல் கடமையில் எண்ணப்படுகிறது. வீட்டுக்காரர் கையில் தனியாகச் சான்று வராது. ஆனால் உங்களுக்கு வேண்டியது சான்று அன்று, கட்டணக் குறைப்பு. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மதுரை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று எடுத்துக்கொண்டால், 3 கிலோவாட் ஆண்டுக்கு 4,300 யூனிட்டுக்கு மேல் தரும். இருமாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டும்போது நம் கட்டண அடுக்குகள் ஏறுவதால், அந்த எல்லைக்குக் கீழே உங்களை வைத்திருப்பதிலேயே கணிசமான தொகை மிச்சமாகும்.

பதில் 3: குளிர்சாதனத் தொழிலாளி (வில்லாபுரம்)

ஐயா, சட்டம் எனக்குத் தெரியாது. குளிர்சாதன வேலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். நிலத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

பூமிக்கடியில் எப்போதும் குளிர்ச்சி என்று உங்களிடம் சொன்னது நம் ஊருக்குப் பொருந்தாது. மார்கழி அதிகாலையில் கிணற்றில் இறங்கிக் குளித்திருப்பீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணறு சித்திரை நண்பகலில் குளுகுளுவென்று இருக்கும். தண்ணீர் மாறவில்லை, வெளிக்காற்றுதான் மாறுகிறது. ஓர் ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அந்த ஊரின் நிலத்தடி வெப்பநிலை. மதுரைக்கு அது 29 பாகையை ஒட்டி இருக்கும். ஆழம் போகப்போக 100 மீட்டருக்கு 2 முதல் 3 பாகை கூடும் என்பதால், 620 அடிப் போரின் சராசரி 31 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். மேரிலாந்தில் 13 பாகை நிலத்துக்குள் வெப்பத்தைத் தள்ளுவதும், இங்கே 31 பாகைப் பாறைக்குள் தள்ளுவதும் ஒன்றாகுமா?

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. நம் வீடுகளில் ஏசி பெரும்பாலும் எப்போது ஓடுகிறது? இரவு பத்து மணிக்குப் போட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு அணைக்கிறோம். கத்திரி வெயில் காலத்தில்கூட நள்ளிரவுக்குப் பிறகு வெளிக்காற்று 27, 28 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதாவது நாம் ஏசி போடும் நேரத்தில் மொட்டைமாடிக் காற்று, பாதாளத்துப் பாறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. வெளியே விசிறி வைத்து இலவசமாக வெப்பத்தை விட வழி இருக்கும்போது, பணம் கொடுத்து அதைவிடச் சூடான இடத்துக்குள் பம்பு வைத்து அனுப்புவதில் என்ன பயன்? பகல் முழுவதும் குளிர்விக்கும் அலுவலகமாக இருந்தால் கணக்கு வேறு.

இன்னொரு குறையும் உண்டு. குளிர்நாட்டில் கோடையில் நிலத்துக்குள் விட்ட வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்; நிலம் பழைய நிலைக்கு வந்துவிடும். நாம் ஆண்டு முழுவதும் உள்ளே விட்டுக்கொண்டே இருப்போம், எடுப்பதே இல்லை. துளையைச் சுற்றியுள்ள பாறை ஆண்டுக்கு ஆண்டு சூடேறிக்கொண்டே போகும். முதல் கோடையில் நன்றாக வேலை செய்த அமைப்பு ஐந்தாம் கோடையில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். ஐ.எஸ்.இ.இ.ஆர். (ஏசியின் மின்சிக்கனத்தைக் காட்டும் எண்) 5க்கு மேல் உள்ள ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசிகள் இரண்டை வாங்கினால் ஒரு லட்சத்துக்குள் முடியும். மின்சாரச் செலவில் அந்த ஒன்பதரை லட்ச அமைப்பு இவற்றை வெல்லாது என்பது என் உறுதியான கருத்து.

நம் பாறையைக் குறை சொல்ல மாட்டேன். சார்னோக்கைட், நைஸ் என்ற இந்தப் பாறை வகைகள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் உங்கள் பழைய போர் அப்படியே உதவாது. மேலே மண்ணும் உக்கல் பாறையும் இருக்கும் வரைதான் கேசிங் பைப் இருக்கும், அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. வறண்ட துளையில் குழாயை இறக்கினால் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே காற்று நிற்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் என்ற களிமண் கலவையை இறைத்து அடைக்க வேண்டும். துளை நேராக இல்லாமலோ இடையில் சரிந்தோ இருந்தால் குழாய் பாதியிலேயே நின்றுவிடும். மிச்சம் என்று சொன்ன தொகை அதிலேயே கரைந்துவிடும்.

வெப்பப் பம்பு என்ற பொருளே நம் ஊருக்கு ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளுக்கு அதிகாலையில் நூற்றுக்கணக்கான பேருக்கு வெந்நீர் வேண்டும். காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் பம்பு அங்கே ஹீட்டர் கம்பியைவிட மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும். நம் காற்று வெதுவெதுப்பாக இருப்பது அங்கே நமக்குச் சாதகம்.

உங்கள் வீட்டுக்கு முதலில் செய்ய வேண்டியது மேல்தளத்தில்தான். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கு மேலும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் ஏசிக்குக் கட்டும் கட்டணத்தில் பெரும்பங்கு அந்தச் சூட்டை விரட்டத்தான். செங்கல் தூள் சேர்த்த சுருக்கிக் காரை போட்டுத் தட்டோடு பதித்து, மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பொறியாளர் ஐயா சொன்ன 3 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும். அவற்றைப் படுக்கையறைகளுக்கு மேலே வரும்படி சற்று உயர்த்தி வைத்தால் மின்சாரமும் வரும், நிழலும் கிடைக்கும். பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை என்கிறீர்கள். மேற்குச் சுவரைப் பார்த்த சன்னல்களுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு இல்லையென்றால் இப்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கிணற்று நீரைப் பற்றிப் படித்தபோது, அறுபது ஆண்டுகளாக என் உடம்புக்குத் தெரிந்திருந்த ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. பிரதிநிதியிடம் அங்கீகாரக் கடிதத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். நான் காத்திருக்கப்போவதில்லை. சூரியத் தகட்டுக்கு விண்ணப்பிக்கவும், தட்டோடு பதிக்கவும் முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த 620 அடிப் போரை மழைநீர் இறக்கப் பயன்படுத்தலாமா? இப்போதைக்கு அதன் வாயில் ஒரு சாக்கைத் திணித்து, மேலே கல் ஒன்றை வைத்திருக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

தாராளமாகப் பயன்படுத்தலாம். 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுவிட்டதால், நீங்கள் எப்படியும் ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் விழுந்தால் 79,000 லிட்டர். வழியில் வீணாவதைக் கழித்தாலும் அறுபதாயிரம் லிட்டருக்குக் குறையாது. கூரை நீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள். போரைச் சுற்றிக் குழி எடுத்து, ஜல்லியும் மணலும் நிரப்பி, வடிந்த நீர் மட்டும் கேசிங்கில் இட்ட துளைகள் வழியாக உள்ளே போகும்படி செய்யுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட ஒரு வால்வு வேண்டும்.

அவை பிறகு நடக்கட்டும். சாக்கும் கல்லும் மூடி ஆகாது, ஐயா. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது கைவிடப்பட்ட இப்படிப்பட்ட ஒரு போரில்தான்; நான்கு நாட்கள் போராடியும் உயிருடன் மீட்க முடியவில்லை. கட்டட வேலை நடக்கும் மனையில் சித்தாள்களின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரும்பு மூடி ஒன்றைப் போல்ட் வைத்து இறுக்கிய பிறகு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

படித்தவுடன் மனைக்குப் போனேன். சாக்கு ஓரமாக விலகிக் கிடந்தது. ஆனையூரிலிருந்து வெல்டர் ஒருவரை அழைத்து வந்து, கேசிங் வாயில் இரும்புத் தகட்டு மூடியை நான்கு போல்ட்டுகளால் இறுக்கியாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.